பதினோராயிரத்து இருநூற்றாறு வலது கைகள்

லிஃப்ட் மெக்கானிக் வீட்டுக் கண்காணிப்புப் பெட்டி ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று பத்துக்கு நின்றது. பதினொன்று இருபத்தொன்றுக்குத் தானாகவே மறுபடி ஓடத் தொடங்கியது. இடைப்பட்ட பதினொரு நிமிடமும் அந்த வீட்டில் என்ன நடந்தது என்று விளக்கம் கேட்டுப் பன்னிரண்டு மணிக்கெல்லாம் கடிதம் வந்துவிட்டது. இல்லக் காட்சி ஆணையம் ஆமை வேகத்தில் வேலை செய்கிறது என்று யாராவது சொன்னால் அவர்கள் நாக்கு அழுகிப் போகும்.

நடந்தது ஒன்றுமில்லை. மெக்கானிக் ஊரின் மறுகோடியில் ஒரு லிஃப்ட்டின் தலைமேல் உட்கார்ந்து கயிற்றுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். அவர் மனைவி ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள். அப்படியே எழுதி அனுப்பினார். 'தாங்கள் கூறும் பதினொரு நிமிடங்களுக்கான காட்சிப் பதிவை ஆதாரமாக இணைக்கவும்' என்று பதில் வந்தது.

ஆணையம் ஒதுக்கும் எல்லா வீட்டிலும் நான்கு கேமரா உண்டு: வாசல், கூடம், சமையலறை, படுக்கையறை. அலமாரியின் மேல் தட்டில் ஒரு பெட்டி இருக்கும். பெட்டிக்குள் 'கண்மணி' என்ற மென்பொருள் ஓடும். வீட்டில் எது அசைந்தாலும் கண்மணி அதைப் பதிந்து முப்பது நாள் வைத்திருக்கும். பெட்டியின் மூடியில் மூன்று விதிகள் அச்சடித்து ஒட்டியிருக்கும். பதிவு அறுந்தால் வீட்டுக்காரர் விளக்கம் தரவேண்டும் என்பது முதல் விதி. ஒதுக்கிய எண்ணிக்கைக்கு மேல் ஆள் இருக்கக் கூடாது என்பது இரண்டாவது. முப்பது நாள் தொடர்ந்து காணப்படாதவர் அங்கே வசிக்காதவர், அவருக்கு வீடும் ஆஸ்பத்திரி அட்டையும் கிடையாது என்பது மூன்றாவது. மூன்றாவது விதியைப் பற்றி யாரும் கவலைப்பட்டதில்லை. சொந்த வீட்டுக்குள் முப்பது நாள் ஒருத்தர் கண்ணில் படாமல் எப்படி இருக்க முடியும்?

மெக்கானிக்கின் மனைவி பதினான்கு வருஷம் ஒரு மருந்துக் கடையில் மாத்திரை எண்ணிப் போட்டவள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் வலது கை நடுங்க ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியில் தரும் மாத்திரையால் நடுக்கம் பாதியாகக் குறைந்திருந்தது. மீதிப் பாதியோடு அவள் சமாதானமாகிவிட்டாள். "கை தனியா எதையோ யோசிச்சிக்கிட்டிருக்கு, நாம ஏன் நடுவுல போகணும்" என்பாள்.

பெட்டி மறுபடி வெள்ளிக்கிழமை நின்றது. பிறகு திங்கட்கிழமை. மெக்கானிக்குக் கை சும்மா இருக்காது. எந்த இயந்திரம் மக்கர் செய்தாலும் ஒரு நோட்டில் நேரம் போட்டு எழுதுகிறவர் அவர். பெட்டியின் சின்னத் திரையில் நினைவகம் எத்தனை சதவீதம் என்று காட்டும். காலையும் மாலையும் அதைப் பார்த்துக் குறித்துவைத்தார். முப்பத்தொன்றில் தொடங்கும். ஏறும், ஏறும், இறங்கவே இறங்காது. மூன்றாம் நாள் தொண்ணூற்றுமூன்றைத் தொட்டதும் பெட்டி மயங்கி விழும். போதாக்குறைக்கு, முப்பது நாளைக்கென்று கொடுத்த டிஸ்க் ஒன்பதே நாளில் நிரம்பி, 'சேமிப்பகம் நிரம்பியது, பிழை 41' என்று சிவப்பில் எழுதிக் காட்டியது. பழையதை அழிக்க விதி இடம் தராது. புதியதைப் பதிய டிஸ்க் இடம் தராது.

மனைவி பரிசோதனைக்காக இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் தங்கியபோதுதான் அவருக்கு விஷயம் பிடிபட்டது. அந்த இரண்டு நாளும் எண் முப்பத்தொன்றை விட்டு அசையவில்லை. அவள் வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்; ஏற ஆரம்பித்துவிட்டது. ஒவ்வொரு நடுக்கத்தையும் கண்மணி ஒரு புதிய கையாக எண்ணியது. ஒவ்வொரு புதிய கைக்கும் நினைவகத்தில் ஓர் இடம் ஒதுக்கியது. கொடுத்த இடத்தைத் திரும்ப வாங்கத் தெரியவில்லை. இறங்கிப் போனவனையும் உள்ளே நிற்பவனாக ஒரு லிஃப்ட் கணக்கு வைத்தால் மத்தியானத்துக்குள் காலி லிஃப்ட் பாரம் தாங்காமல் மணி அடிக்கும். அதே கோளாறுதான். நாலு வரி திருத்தினால் போதும்.

இதை அவர் ஆணையத்தின் உதவி எண்ணுக்குச் சொன்னார். கூடத்துக் கேமராவுக்கு முகம் காட்டி நின்றபடிதான் பேச வேண்டும் என்பது நடைமுறை.

"மேடம், மெமரி ஏறிக்கிட்டே போகுது. இறங்கவே மாட்டேங்குது. தொண்ணூத்தி மூணு வந்ததும் நின்னுடுது."

"அணைச்சிட்டுப் போட்டுப் பாத்தீங்களா சார்?"

"அணைக்கக் கூடாதுன்னு பெட்டி மேலயே எழுதியிருக்கே?"

"கூடாதுதான் சார். அனுமதி வாங்கிட்டு அணைக்கணும். ஆறு நாள் ஆகும்."

"மூணு நாளைக்கு ஒருதடவை அதுவே நின்னுடுதும்மா!"

"அதுவா நின்னா அது விதிமீறல் சார். நீங்க நிறுத்தினாத்தான் பராமரிப்பு. வேற ஏதாவது உதவி வேணுமா?"

வேறு உதவி அடுத்த வாரம் தானாகவே வந்தது, நோட்டீஸ் வடிவத்தில். இரண்டு பேருக்கு ஒதுக்கிய வீட்டில் பதினோராயிரத்து இருநூற்றாறு பேர் வசிப்பதாகக் கண்மணி கண்டுபிடித்திருந்தது. இரண்டாவது விதிப்படி இது கடும் நெரிசல். மெக்கானிக் மூன்று முறை படித்துவிட்டு மனைவியிடம் நீட்டினார்.

"அவ்வளவு பேரும் என் கைதானா?" என்று கேட்டாள் அவள். "பாத்திரம் தேய்க்க மட்டும் ஒருத்தியும் வரமாட்டேங்குறாளே."

நெரிசலை ஆராய ஆய்வாளர் வந்தார். தலையில் மஞ்சள் ஹெல்மெட், கையில் ஒரு டேப்லட். பெட்டியை அவர் தொடவில்லை. சீல் வைத்த பெட்டியைத் தொட அவருக்கே அதிகாரமில்லையாம். வீட்டிலும் யாரையும் எண்ணவில்லை. பதிவைத்தான் பார்த்தார். பார்த்துக்கொண்டே அந்த அம்மாள் போட்டுக்கொடுத்த தேநீரைக் குடித்தார். தட்டில் கப் கடகடவென்று ஆடியபடி வந்ததை அவரும் பார்க்கத்தான் செய்தார்.

"சார், அது எல்லாமே இவ ஒருத்திதான்," என்றார் மெக்கானிக்.

"அப்போ ஒரே நபர் பதினோராயிரம் தடவை பதிவாகியிருக்காங்கன்னு நீங்களே ஒத்துக்கறீங்க?"

"சார், அது சாஃப்ட்வேர் தப்பு. ஒருதடவை பார்த்ததை அது விடமாட்டேங்குது. எத்தனை கை வந்தாலும் அத்தனையையும் பிடிச்சு வச்சுக்குது."

ஆய்வாளர் கப்பைக் கீழே வைத்தார். குரல் மேடைக் குரலானது. "ஐயா, இந்த மென்பொருளை உருவாக்கப் பதினொரு குழுக்கள் நாலு வருஷம் உழைத்தன. இது எதையும் மறக்கக் கூடாது என்பதே எங்கள் இலட்சியம். மறக்கவில்லை என்று புகார் கொடுக்கும் முதல் குடிமகன் நீங்கள்தான். ஒரு வீட்டுக்கும் மென்பொருளுக்கும் ஒத்துப்போகவில்லை என்றால் நாங்கள் வீட்டைத்தான் திருத்துவோம். மென்பொருள் ஒன்று, வீடுகள் பல. ஒவ்வொரு வீட்டுக்காகவும் அதைத் திருத்தினால் அது எல்லோருக்கும் பொதுவாக இருக்குமா?"

பிறகு குரலைத் தணித்துக்கொண்டு அன்பாகச் சொன்னார்: "இதுக்கு ஒரு வழி இருக்கு. மறைப்புக் கட்டம். திரையில ஒரு சாம்பல் கட்டம் போட்டுட்டீங்கன்னா அதுக்குள்ள நடக்கறதைக் கண்மணி பாக்காது. அம்மா அந்த நாற்காலியில உக்காரட்டும். பிரச்சினை முடிஞ்சது."

"நீங்களே போட்டுடுங்களேன் சார்."

"நாங்க யாரையும் மறைக்கறதில்லைங்க. வீட்டுக்காரர் கையாலதான் போடணும். கீழ ஒரு கையெழுத்து."

மெக்கானிக் அளவு தப்பாத மனுஷர். டேப்பை எடுத்து நாற்காலி, ஜன்னல், நாற்காலியின் கைப்பிடி எல்லாம் அளந்தார். ஏழடிக்கு ஐந்தடி. டேப்லட்டில் விரலால் இழுத்துக் கட்டம் போட்டார். திரையில் மனைவி இருந்த இடம் சாம்பலாகிப் போனது. பெட்டியின் எண் முப்பத்தொன்றில் போய் நின்றது. அவருக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தை நினைத்து அவர் பிற்பாடு கூசிப்போனார்.

மூன்று நாள் அமைதி. நாலாம் நாள் எண் மறுபடி ஏறியது. அவள் சமையலறைக்குப் போகாமல் இருப்பாளா? உதவி எண்ணைக் கேட்டதற்குக் கட்டத்தை நீட்டச் சொன்னார்கள். சமையலறைக்கு ஒரு கட்டம் போட்டார், கொல்லைக் கதவும் சேர்த்து. படுக்கையில் அவள் படுக்கும் பக்கத்துக்கு ஒரு கட்டம். குளியலறைக்குப் போகும் வழிக்கு ஒன்று. கூடத்துக் கட்டத்தைச் சமையலறைவரை இழுக்க இன்னொன்று. முதல் கட்டத்தையும் சேர்த்து ஐந்து விண்ணப்பத்துக்கும் ஐந்து கையெழுத்து. ஒவ்வொன்றுக்கும் ஒரு மணி நேரத்துக்குள் ஒப்புதல் வந்தது. அணைக்க ஆறு நாள் கேட்ட ஆணையம் மறைக்கக் கேட்டால் கண்ணிமைக்கிற நேரத்தில் கையெழுத்துப் போடுகிறது.

கடைசியில் வாசலும் கூடத்தில் ஒரு பட்டையும்தான் கண்மணிக்கு மிச்சம். அவள் தெரியாமல் தாண்டிவிடக் கூடாதென்று, வயருக்குச் சுற்றும் மஞ்சள் டேப்பை எடுத்துத் தரையில் எல்லை ஒட்டினார்.

"இதைத் தாண்டினா என்ன பண்ணுவீங்க?" என்றாள் அவள்.

"நான் என்ன பண்றது. பெட்டி நின்னுடும்."

"அதுவாச்சும் எனக்காக நிக்குதே," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

'சீரான இல்லம்' என்று சட்டம் போட்ட சான்றிதழ் வந்தது. மெக்கானிக் அதைக் கூடத்தில் மாட்டினார். மனைவிக்கு அடுத்த ஆஸ்பத்திரித் தேதி ஐந்து வாரம் கழித்துத்தான். அதுவரை வெளியே போகவும் வேலையில்லை. ஊரில் எந்த லிஃப்ட் நின்றாலும் ஓடிப்போய் ஓடவைத்துவிட்டு வந்தார். நாட்கள் சுமுகமாகப் போய்க்கொண்டிருந்தன. எண்ணத்தான் மறந்துவிட்டார்.

முப்பத்தோராம் நாள் கடிதம் வந்தது. 'வசிப்பவர் எண் 2, முப்பது நாட்களாகக் காணப்படவில்லை. வாசல் வழியாக வெளியேறியதாகவும் பதிவில்லை. இனி வீட்டில் எடுக்கும் பதிவு செல்லாது. வீட்டுக்காரர் நேரில் வந்து விளக்கம் தருக.' கூடவே அவர் கையெழுத்துப் போட்ட ஐந்து விண்ணப்பங்களின் நகல். ஒவ்வொன்றிலும் கையெழுத்துக்குக் கீழே 'மறைத்தவர்' என்று அச்சாகியிருந்தது. அன்றைக்குக் கையெழுத்துப் போடும்போது அந்தச் சொல் அவர் கண்ணில் படவில்லை.

மனைவி தோளுக்குப் பின்னால் நின்று வாசித்தாள். "வெளியவும் போகலை, உள்ளயும் இல்லை. என்னை என்னங்க பண்ணீங்க?" என்றாள். வழக்கமான கேலிதான். ஆனால் கடைசியில் அவள் குரல் கொஞ்சம் இறங்கியது.

மெக்கானிக் உடனே கட்டங்களை எடுத்துவிடப் பார்த்தார். நீக்குவதற்கான படிவத்தில், 'மறைக்கப்பட்ட இடத்தில் வசிப்பவர் எவரேனும் இருந்தால் மட்டும் நிரப்பவும்' என்றிருந்தது. வசிப்பவர் எண் 2 இப்போது வசிப்பவர் அல்லவே. படிவம் அந்த எண்ணை ஏற்கவில்லை.

இரண்டு பேரும் பஸ் பிடித்து ஆணையத்துக்குப் போனார்கள். ஆளையே கொண்டுபோய் நிறுத்திவிட்டால் பேச்சுக்கு என்ன இடம் என்பது மெக்கானிக்கின் எண்ணம். பாவம்.

இயக்குநர் அறை குளுகுளுவென்று இருந்தது. நாலு மூலையிலும் நாலு கேமரா. பின்சுவரை அடைத்துக்கொண்டு ஊரின் வரைபடம் ஒரு பெரிய திரையில் ஒளிர்ந்தது. இயக்குநர் எழுந்து நின்று வணங்கினார். மரியாதையில் குறையொன்றும் இல்லை.

"அம்மா இங்கே இருப்பதை நான் மறுக்கவில்லை," என்றார். "என் கண்ணாலேயே பார்க்கிறேன். ஆனால் நான் பார்ப்பது சான்றாகாது. நானும் மனிதன்தானே, என் கண்ணும் ஏமாறும். இன்று ஒரு அம்மாளை நான் பார்த்துவிட்டேன் என்று வைத்துக்கொண்டால், நாளை ஒவ்வொருவரும் வந்து பாருங்கள் பாருங்கள் என்பார்கள். ஆணையம் எதற்கு இருக்கிறது? மனிதர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளும் தொல்லையிலிருந்து விடுவிக்கத்தானே? அம்மா அந்தக் கேமரா முன்னால் ஐந்து நிமிடம் உட்காரட்டும். பதிவானால் அவர் இருக்கிறார். அவ்வளவுதான்."

அவள் உட்கார்ந்தாள். வலது கையை இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நெற்றியில் வியர்வை பொடித்தது. இறுக்க இறுக்க அந்தக் கை இன்னும் அதிகமாக ஆடியது. மேஜைத் திரையில் எண் ஏறியது. ஐம்பது, அறுபத்தெட்டு, எண்பது. நாலாவது நிமிடத்தில் தொண்ணூற்றுமூன்று. நாலு மூலையிலும் சிவப்பு விளக்கு அணைந்தது. அந்தக் கட்டடம் முழுவதற்கும் ஒரே பெட்டி; ஏற்கெனவே பாதி நிறைந்திருந்தது, நாலு கேமராவும் அந்தக் கையைத் தனித்தனியாக எண்ணின.

இயக்குநர் மேலே பார்த்தார், கதவைப் பார்த்தார். கழுத்து டையைத் தளர்த்தினார். இப்போது பேசியது வேறு ஆள்.

"பதினொரு நிமிஷம் ஓடாது, இல்ல?" என்றார் மெதுவாக.

"ஆமா சார். நாலு வரி திருத்தினா சரியாயிடும் சார். நான் நோட்டுல எழுதிக்கூட..."

"தெரியும்ப்பா. முதல் வருஷமே தெரியும். தப்பு இருக்குன்னு எழுதினா, அதுவரைக்கும் பதிவானது எல்லாம் தப்பாயிடும். எவ்வளவு பேரை அதை வச்சு நீக்கியிருக்கோம். அவங்களையெல்லாம் எங்கேன்னு போய்த் தேடறது?" இயக்குநர் மெக்கானிக் மனைவியின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "ரொம்ப நாளா இருக்காம்மா இது?"

"ரெண்டு வருஷமா, சார்."

"என் பையனுக்குப் பொறந்ததுலேர்ந்தே. உக்காந்த இடத்துல முன்னயும் பின்னயும் ஆடிக்கிட்டே இருப்பான். அவனுக்கு அதுதான் நிம்மதி." "மாடி அறை முழுக்க நான்தான் கட்டம் போட்டேன். என் கையாலயே."

"இப்ப எங்க சார் அவன்?" என்று கேட்டாள் அவள்.

இயக்குநர் சுவர்த் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டார். மெக்கானிக்கும் அதைப் பார்த்தார். ஊர் வரைபடத்தில் அழுக்கு போலத் தெரிந்தவை அத்தனையும் சாம்பல் கட்டங்கள். அவர் தெருவிலேயே ஒன்பது இருந்தன. இருமிக்கொண்டே இருந்த எதிர்வீட்டுப் பெரியவரை ரொம்ப நாளாகக் காணோமே என்று அவருக்கு அப்போதுதான் தோன்றியது. மகளிடம் போய்விட்டாராக்கும் என்று நினைத்திருந்தார்.

மூலைகளில் விளக்குகள் மறுபடி எரிந்தன. இயக்குநரின் கை தானாகப் போய் டையை இறுக்கியது.

"ஆக, வசிப்பவர் எண் இரண்டு விசாரணைக்கு ஆஜராகவில்லை," என்றார் தெளிவான குரலில். "பதிவும் இல்லை. பெயர் நீக்கப்படுகிறது. வீட்டுக்காரர் தனி நபராக அதே வீட்டில் தொடரலாம். ஆணையம் எப்போதும் கருணையோடுதான் நடந்துகொள்கிறது."

ஆஸ்பத்திரி அட்டை அன்று மாலையே ரத்தானது. டப்பாவில் நாலே மாத்திரை மிச்சமிருந்தது. அவள் பழைய பழக்கத்தில் அதைப் பாதி பாதியாக உடைத்து எட்டு நாளைக்கு வைத்துக்கொண்டாள். கை ஆடியதில் ஒரு பாதி தெறித்துக் கட்டிலுக்கடியில் போய்விட்டது. மெக்கானிக் தரையில் படுத்து டார்ச் அடித்துத் தேடி எடுத்துக் கொடுத்தார். எழுந்தவர் நேரே கூடத்துக்குப் போனார். தன் நாற்காலியைத் தூக்கி மஞ்சள் டேப்புக்கு இந்தப் பக்கம் கொண்டுவந்து அவள் நாற்காலிக்கு அருகில் போட்டார்.

"என்னங்க இது? பைத்தியமா உங்களுக்கு? உங்க பேராவது இருக்கட்டுங்க."

"அந்தப் பக்கம் உக்காந்து தனி ஆள்னு சொல்லிக்க என்னால முடியாது."

"அப்புறம் உங்களை யார் பாக்கிறது?"

"நீ பாரு."

அவள் அழுதாள். அவரும்தான். அன்றிலிருந்து அவர் வேலைக்குக் கொல்லைக் கதவு வழியாகப் போய்க் கொல்லைக் கதவு வழியாகவே வந்தார். வாசல் பக்கம் எட்டிப் பார்க்கவே இல்லை. அலமாரியின் மேல் தட்டில் பெட்டி முப்பத்தொன்றிலேயே நிலையாக ஓடியது. அதன் வாழ்க்கையிலேயே அவ்வளவு நிம்மதியாக அது ஓடியதில்லை. எட்டாம் நாளோடு மாத்திரை தீர்ந்தது. நடுக்கம் முழங்கை தாண்டித் தோளுக்கு ஏறியது.

முப்பத்தோராம் நாள் காலை வாசல் கதவு வெளியிலிருந்து திறந்தது. ஆணையத்து ஆட்கள் இரண்டு பேர். ஒருத்தர் டேப் பிடித்தார், மற்றவர் எழுதினார். அடுத்து வரப்போகும் குடும்பத்துக்காக வீட்டை அளக்க வந்திருந்தார்கள். மெக்கானிக்கும் மனைவியும் நாற்காலிகளில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். தட்டில் அவள் கப் கடகடவென்று ஆடிக்கொண்டே இருந்தது. அது அடுத்த தெருவுக்குக் கேட்டிருக்கும். எழுதுகிறவர் ஒரு நொடி தலையைத் தூக்கினார். கையிலிருந்த போன் திரையில் தெரிந்த சாம்பல் கட்டத்தைப் பார்த்தார். மறுபடி தலையைக் குனிந்துகொண்டார்.

டேப் பிடித்தவர் நாற்காலிக் காலில் இடிக்காமல் கவனமாகச் சுற்றிப் போய்ச் சுவரோரம் நின்றார். "கூடம், பதினோரு அடி மூணு அங்குலம்," என்றார்.

மெக்கானிக்கால் பொறுக்க முடியவில்லை. ஆயுசு முழுக்க அளவு தப்பாத மனுஷர். "பதினோரு அடிதாங்க," என்றார். "டேப்பு மடங்கியிருக்கு பாருங்க."

டேப் பிடித்தவர் குனிந்து பார்த்தார். மடங்கியிருந்த டேப்பை நீவி நேராக்கினார். எழுதுகிறவர் போட்டிருந்த எண்ணை அடித்துவிட்டு, பதினோரு அடி என்று திருத்தி எழுதினார். அதற்குக் கீழே, வசிப்பவர் என்று அச்சடித்திருந்த கோட்டுக்கு நேரே, 'யாரும் இல்லை' என்று எழுதினார்.